ஒகாடன் போர் 1977-78: ஒரே ஆண்டில் இடம் மாறிக்கொண்ட இரண்டு வல்லரசுகள்

1978 மார்ச் தொடக்கத்தில் கிழக்கு எத்தியோப்பியாவின் ஜிஜிகா நகரைச் சுற்றி நடந்த சண்டையில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தாலே தலை சுற்றும். ஒரு பக்கம் சோமாலியப் படை. அதன் டாங்கிகள் சோவியத் டாங்கிகள், அதிகாரிகளில் பலர் சோவியத் ராணுவப் பள்ளிகளில் படித்தவர்கள். எதிரே எத்தியோப்பியப் படை. அதனிடமும் சோவியத் டாங்கிகள்தான், ஆனால் மேலே பறந்தவை அமெரிக்கா முன்பு கொடுத்த எஃப்-5 போர் விமானங்கள், அவற்றை ஓட்டியவர்கள் அமெரிக்காவில் பயிற்சி பெற்றவர்கள், பழுது பார்க்க இஸ்ரேல் கைகொடுத்தது, தரையில் முன்னால் போனவர்களில் ஆயிரக்கணக்கானோர் கியூபர்கள், மொத்தத் திட்டத்தையும் போட்டவர் வசிலி பெத்ரோவ் என்ற சோவியத் ஜெனரல். சரியாக ஒரு வருடத்துக்கு முன்னால் இதே சோவியத் ஒன்றியம் எதிர்ப்பக்கத்தின் நெருங்கிய நண்பன்.

இது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பனிப்போர் காலத்துச் சண்டைகளைப் பற்றிப் பேசும்போது வாஷிங்டனும் மாஸ்கோவும் காய் நகர்த்தின, சின்ன நாடுகள் அடிபட்டன என்று முடித்துவிடுகிறோம். ஒகாடனில் காய்களே ஆடின. சோமாலியத் தலைநகர் மொகடிஷுவிலும் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவிலும் இருந்த இரண்டு ராணுவ ஆட்சியாளர்கள் தங்கள் கணக்குக்கு வல்லரசுகளை இழுத்தார்கள், வல்லரசுகள் வேண்டா வெறுப்பாகவும் சில சமயம் ஆசையோடும் வந்தன. இழுத்தவர்களில் ஒருவர் கணக்கு பலித்தது, இன்னொருவர் நாட்டையே தொலைத்தார்.

நிலம் யாருடையது

ஒகாடன் என்பது எத்தியோப்பியாவின் தென்கிழக்கு மூலை. வறண்ட மேய்ச்சல் நிலம், அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் சோமாலிகள், ஆடும் ஒட்டகமும் வளர்ப்பவர்கள், மழையைத் தேடி எல்லை தாண்டிப் போய் வருபவர்கள். பின்னாளில் எத்தியோப்பியப் பேரரசரான இரண்டாம் மெனலிக் 1887-ல் ஹரார் நகரைப் பிடித்தார். 1896-ல் அட்வாவில் இத்தாலியைத் தோற்கடித்த கையோடு, 1897-ல் பிரிட்டன் அவரோடு எல்லை ஒப்பந்தம் போட்டது. அந்தக் கோட்டைப் போட்டவர்கள் சோமாலிகளைக் கேட்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியை விரட்டிய பிறகு இந்தப் பகுதியைச் சில வருடம் பிரிட்டிஷ் ராணுவமே நிர்வகித்தது, பின்பு 1948-லும் 1954-லும் இரண்டு தவணையாக எத்தியோப்பியாவிடம் திருப்பிக் கொடுத்தது.

1960 ஜூலை 1-ல் பிரிட்டிஷ் சோமாலிலாந்தும் இத்தாலிய சோமாலியாவும் இணைந்து சோமாலியா என்ற நாடு பிறந்தபோது அதன் கொடியில் ஐந்து முனை நட்சத்திரம் இருந்தது. இரண்டு முனைகள் கைக்கு வந்துவிட்டன, மற்ற மூன்றும் ஒகாடன், பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த ஜிபூட்டி, கென்யாவின் வடக்கு எல்லைப்புற மாவட்டம். மூன்று அண்டை நிலங்களுக்கும் உரிமை கேட்கிறோம் என்பதைக் கொடியிலேயே போட்டுக்கொண்டு பிறந்த நாடு. இதன் விளைவு ரொம்ப முக்கியம்: கென்யாவும் எத்தியோப்பியாவும் சில ஆண்டுகளில் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1964-ல் கெய்ரோவில் கூடி, காலனிக் காலத்து எல்லைகளை அப்படியே ஏற்போம் என்று தீர்மானம் போட்டது. சோமாலியா அதை ஏற்கவில்லை. ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய எல்லா நாட்டுக்கும் எல்லைத் தலைவலி உண்டு என்பதால், சோமாலியாவின் கோரிக்கையில் எவ்வளவு நியாயம் இருந்தாலும் அதற்குக் கை தூக்க அக்கம்பக்கத்தில் ஆள் இருக்காது என்பது அன்றே முடிவாகிவிட்டது. 1977-ல் சோமாலியாவின் ராணுவ ஆட்சியாளர் சியாத் பார்ரே இதை மறந்தார், அல்லது மறந்தது போல நடந்துகொண்டார்.

யார் யாரோடு இருந்தார்கள்

அமெரிக்கா எத்தியோப்பியாவோடு இருந்தது. பேரரசர் ஹைலே செலாசி பழைய நண்பர். 1953 ஒப்பந்தப்படி, அப்போது எத்தியோப்பியாவோடு இருந்த எரித்ரியாவின் அஸ்மாராவில் கக்நியூ என்ற பெரிய தகவல் தொடர்பு மற்றும் ஒட்டுக்கேட்பு நிலையம் அமெரிக்காவுக்குக் கிடைத்தது, பதிலுக்கு எத்தியோப்பியாவுக்கு ஆயுதமும் பயிற்சியும். செயற்கைக்கோள்கள் பெருகப் பெருக அந்த நிலையத்தின் மதிப்பு குறைந்துகொண்டே வந்தது. இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சோமாலியா முதலில் மேற்கு நாடுகளிடம்தான் கேட்டது, கேட்ட அளவு கிடைக்கவில்லை, அதனால் மாஸ்கோ பக்கம் போனது. 1969 அக்டோபரில் அதிபர் ஷெர்மார்கே சுட்டுக் கொல்லப்பட்ட சில நாளில் ஜெனரல் சியாத் பார்ரே ஆட்சியைப் பிடித்தார், நாட்டை சோஷலிச நாடு என்று அறிவித்தார். 1974-ல் சோவியத்தோடு நட்பு ஒப்பந்தம். ஏடன் வளைகுடா ஓரத்தில் பெர்பெரா துறைமுகத்தில் சோவியத் கடற்படைக்கு வசதிகள், ஏவுகணைகளை வைக்க இடம், நீண்ட ஓடுபாதை. செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மண்டெப் அங்கிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம், அந்த வழியாகத்தான் வளைகுடா எண்ணெய் சூயஸ் பக்கம் போகிறது. பதிலுக்கு சோமாலியாவுக்கு சுமார் 250 டாங்கிகள், மிக்-21 விமானங்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலோசகர்கள். முப்பது லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் மக்கள் தொகை உள்ள ஏழை நாட்டுக்கு இது மிதமிஞ்சிய படை. இவ்வளவும் எதற்கு என்று மாஸ்கோவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும். தங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது, உதிரிபாகமும் குண்டும் நாம்தானே கொடுக்க வேண்டும், நம்மை மீறிப் போகமாட்டார்கள் என்று நினைத்தார்கள். ஆயுதம் கொடுப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் கணக்கு அது, வழக்கமாகவே தப்பும்.

எல்லாம் குலைந்தது அடிஸ் அபாபாவில். 1974 செப்டம்பர் 12-ல் டெர்க் என்ற ராணுவக் குழு பேரரசரைக் கவிழ்த்தது. குழுவுக்குள்ளேயே ஒருவரையொருவர் சுட்டுத் தள்ளி, 1977 பிப்ரவரி 3-ல் மெங்கிஸ்து ஹைலே மரியம் தனி ஆளாக மேலே வந்தார். அதே மாதம் அமெரிக்காவில் புதிதாகப் பதவியேற்றிருந்த அதிபர் கார்ட்டரின் அரசு மனித உரிமை மீறலைக் காரணம் காட்டி எத்தியோப்பியாவுக்கான ராணுவ உதவியை வெட்டியது. மீறல் உண்மைதான், மெங்கிஸ்துவின் 'சிவப்பு பயங்கரம்' அப்போது தொடங்கிக்கொண்டிருந்தது, தெருக்களில் பிணங்கள் கிடந்த காலம். ஆனால் மெங்கிஸ்து அதற்கு முன்பே, 1976 டிசம்பரில், மாஸ்கோவோடு ரகசிய ஆயுத ஒப்பந்தம் போட்டுவிட்டார். அமெரிக்கா கைவிட்டதால் சோவியத் பக்கம் போனார் என்ற கதை அரைகுறை, அவர் ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருந்தார். ஏப்ரலில் கக்நியூ உட்பட அமெரிக்க நிலையங்களை மூடச் சொன்னார், மே மாதம் மாஸ்கோவில் வரவேற்பு.

இரண்டு குதிரையிலும் சவாரி

இப்போது சோவியத்திடம் இரண்டு நண்பர்கள், இருவரும் ஜென்மப் பகையாளிகள். மாஸ்கோ யாரையும் விட விரும்பவில்லை. சோமாலியா, எத்தியோப்பியா, தெற்கு ஏமன் மூன்றையும் ஒரே சோஷலிசக் கூட்டமைப்பாகக் கட்டிவிட்டால் செங்கடலின் தெற்கு வாசல் முழுக்கத் தங்கள் கையில் என்ற எண்ணம். இதற்குத் தூது போனவர் ஃபிடல் காஸ்ட்ரோ. 1977 மார்ச்சில் ஏடனில் பார்ரேயையும் மெங்கிஸ்துவையும் நேருக்கு நேர் உட்கார வைத்தார். வர்க்க ஒற்றுமை பெரிதா, தேசம் பெரிதா என்ற கேள்விக்குப் பார்ரே ஒகாடன்தான் பெரிது என்று பதில் சொன்னார். காஸ்ட்ரோவுக்குப் பார்ரே மேல் கடும் எரிச்சல், மெங்கிஸ்து மேல் நல்ல அபிப்பிராயம். பத்து மாதம் கழித்து கியூபப் படை எந்தப் பக்கம் நின்றது என்பதில் இந்தச் சந்திப்பின் பங்கு சின்னது இல்லை.

பார்ரே பக்கத்தில் நின்று யோசித்தால் அவசரம் புரியும். எத்தியோப்பியா அப்போது சிதறிக்கொண்டிருந்தது. எரித்ரியாவில் கிளர்ச்சியாளர்கள் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டார்கள், ராணுவ அதிகாரிகளில் பலர் களையெடுப்பில் போய்விட்டார்கள், அமெரிக்க உதவி நின்றுவிட்டது, சோவியத் உதவி இன்னும் வந்து சேரவில்லை. இப்போது விட்டால் இனி இல்லை. உள்நாட்டுக் காரணமும் உண்டு: பார்ரேயின் தாய் ஒகாடன் குலத்தைச் சேர்ந்தவர், அவர் ஆட்சியே டாரோட் என்ற பெரிய குலக்குழுவைச் சேர்ந்த மூன்று குலங்களின் தோளில் நின்றது, மேற்கு சோமாலி விடுதலை முன்னணி ஒகாடனுக்குள் ஏற்கெனவே சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

அமெரிக்காவின் பேச்சு வேறு இதில் எண்ணெய் ஊற்றியது. கார்ட்டர் சோமாலியாவை நண்பனாக்க வேண்டும் என்று தன் ஆட்களிடம் சொன்னது வெளியே வந்தது. 1977 ஜூலையில், தற்காப்புக்கான ஆயுதம் தர கொள்கையளவில் தயார் என்று வாஷிங்டன் தெரிவித்தது. 'கொள்கையளவில்' என்றால் அதிகாரிகளின் பாஷையில் இப்போதைக்கு இல்லை என்று அர்த்தம். ஆசையோடு கேட்டவர் காதில் அது சரி என்று விழுந்தது. சோமாலியப் படையே எல்லை தாண்டிவிட்டது என்பது தெளிவானதும் சில வாரங்களில் அமெரிக்கா அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

படையெடுப்பு

1977 ஜூலையில் சோமாலிய வழக்கமான ராணுவமே உள்ளே நுழைந்தது. எங்கள் படை இல்லை, விடுதலை முன்னணியினர்தான் என்று மொகடிஷு ரொம்ப நாள் சாதித்தது, டாங்கியும் மிக் விமானமும் வைத்திருக்கும் கெரில்லாக்கள் எங்கே கிடைத்தார்களோ. சில வாரத்தில் ஒகாடனின் பெரும்பகுதி அவர்கள் கையில். ஆகஸ்டில் டிரே டாவாவைத் தாக்கினார்கள், அடிஸ் அபாபாவிலிருந்து ஜிபூட்டி போகும் ரயில் பாதையில் இருக்கும் நகரம், எத்தியோப்பியாவின் வெளிநாட்டு வணிகத்துக்கு உயிர்நாடி. அங்கே தோற்றார்கள். செப்டம்பரில் டாங்கித் தளமான ஜிஜிகா விழுந்தது, அதற்கு மேற்கே மலையிலுள்ள காரா மார்தா கணவாயும் விழுந்தது, அடுத்தது ஹரார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஹரார் விழவில்லை. போரின் திருப்பம் இங்கேதான் என்பது என் எண்ணம், கியூபர்கள் பெருமளவில் வருவதற்கு முன்பே நடந்த திருப்பம். மூன்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. எத்தியோப்பிய விமானிகள் எஃப்-5-ஐ வைத்துக்கொண்டு மிக்-21-களை வானத்திலிருந்து விரட்டிவிட்டார்கள், அதனால் சோமாலியாவின் வழங்கல் லாரிகள் பகலில் நகர்வதே பாடாகிவிட்டது. மேய்ச்சல் சமவெளியில் வேகமாக வந்த டாங்கிகள் மலையடிவாரத்துக்கு வந்ததும் மழையும் சேறும் நீண்ட வழங்கல் பாதையும் சேர்ந்து இழுத்துப் பிடித்தன. அப்புறம், ஹரார் பக்கம் வந்தபோது சுற்றியிருந்த மக்கள் எல்லோரும் சோமாலிகள் இல்லை, மெங்கிஸ்துவை வெறுத்தவர்கள்கூட அந்நியப் படையெடுப்பு என்றதும் தாய்நாட்டைக் காக்கும் அழைப்புக்குச் செவிசாய்த்தார்கள். அடிஸ் அபாபாவுக்கு அருகே டட்டெக் முகாமில் பல்லாயிரம் விவசாயிகளுக்கு அவசரமாகத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்து களத்துக்கு அனுப்பினார்கள். எத்தனை பேர் திரும்பவில்லையோ.

பார்ரே ஆகஸ்ட் கடைசியில் மாஸ்கோ போய் ஆயுதம் கேட்டார், சோவியத் தலைவர் பிரெஷ்னெவ் அவரைச் சந்திக்கவே இல்லை. மேற்கை எப்படியாவது பிடிக்க வேண்டும். 1977 அக்டோபரில் பாலஸ்தீனக் கடத்தல்காரர்கள் லுஃப்தான்சா விமானம் ஒன்றைக் கடத்தி, கடைசியில் மொகடிஷுவில் இறக்கினார்கள். மேற்கு ஜெர்மனியின் சிறப்புப் படை வந்து மீட்க பார்ரே அனுமதி கொடுத்தார், அக்டோபர் 18 அதிகாலை மீட்பு வெற்றி. மேற்கு ஜெர்மனியின் தலைநகர் பானில் அவருக்கு நல்ல பெயர், கொஞ்சம் பண உதவி. டாங்கி கிடைக்கவில்லை. நவம்பர் 13-ல் சோவியத் நட்பு ஒப்பந்தத்தைக் கிழித்தார், ஆலோசகர்களை வெளியேற்றினார், பெர்பெராவைப் பறித்தார், கியூபாவோடு உறவை முறித்தார். இத்தனை பெரிய பரிசை அமெரிக்காவின் காலடியில் வைத்தால் பதில் வந்தே தீரும் என்று நம்பினார். வாஷிங்டன் பார்த்தது வேறு: சோமாலியா எல்லை தாண்டிய நாடு, நம் நண்பன் கென்யாவே அதற்கு எதிரி, ஆயுதம் கொடுத்தால் ஆப்பிரிக்கா முழுவதும் நம்மை ஏசும். எகிப்தும் சவுதி அரேபியாவும் ஈரானும் ஓரளவு உதவின. போருக்கு அது போதவில்லை.

வானத்திலிருந்து வந்த படை

ஒப்பந்தம் கிழிந்த இரண்டு வாரத்துக்குள் சோவியத்தின் வான்வழி வழங்கல் தொடங்கியது. விமானங்கள் சாரி சாரியாக அடிஸ் அபாபாவுக்கு, கப்பல்கள் அசாப் துறைமுகத்துக்கு. சுமார் 100 கோடி டாலர் மதிப்புள்ள ஆயுதம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இதைவிட முக்கியம் ஆட்கள். எத்தியோப்பியரிடம் ஆள்பலம் இருந்தது, ஆனால் அத்தனை நாள் அமெரிக்க ஆயுதத்தில் பழகியவர்கள், சோவியத் டாங்கியையும் பீரங்கியையும் ராக்கெட்டையும் ஓட்ட உடனே முடியாது. அந்த ஓட்டையை அடைத்தவர்கள் கியூபர்கள். அங்கோலாவில் 1975 முதல் இதே ஆயுதங்களோடு போரிட்ட அனுபவம் உள்ளவர்கள், ஜெனரல் அர்னால்டோ ஒச்சோவா தலைமையில், 15,000-க்கும் மேற்பட்டோர். தெற்கு ஏமனும் ஒரு பிரிவை அனுப்பியது.

கியூபா மாஸ்கோவின் கூலிப்படை என்று அப்போது அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. எனக்கு அது சரியாகப் படவில்லை. அங்கோலாவில் காஸ்ட்ரோ மாஸ்கோவைக் கேட்காமலே முன்னால் பாய்ந்தார், சோவியத் பின்னால் வந்தது. எத்தியோப்பியாவில் இரண்டும் கைகோத்தே நடந்தன, ஆனால் ஏடன் சந்திப்பின் எரிச்சலும் எத்தியோப்பியப் புரட்சி உண்மையானது என்ற நம்பிக்கையும் அவருடைய சொந்தச் சரக்கு. அந்த நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பது வேறு விஷயம்.

1978 ஜனவரி கடைசியில் ஹரார் மீதான சோமாலியரின் இறுதித் தாக்குதலும் முறிந்தது. பிப்ரவரியில் எதிர்த்தாக்குதல். காரா மார்தா கணவாயை நேராக மோதினால் ரத்த ஆறுதான் ஓடும், சோமாலியர் அங்கே காத்திருந்தார்கள். பெத்ரோவ் வடக்கே சுற்றிப் போகும் வழியைத் தேர்ந்தெடுத்தார், பெரிய சோவியத் ஹெலிகாப்டர்கள் ஆட்களையும் கவச வண்டிகளையும் மலைக்கு அந்தப்பக்கம் இறக்கின. பின்புறத்தில் எதிரி நிற்பதைப் பார்த்த சோமாலியப் படை நிலைகுலைந்தது. மார்ச் 5-ல் ஜிஜிகா எத்தியோப்பியர் கைக்குத் திரும்பியது, 9-ல் பார்ரே படையைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

எத்தியோப்பியரும் கியூபரும் எல்லையில் நின்றார்கள். சோமாலியாவுக்குள் நுழையமாட்டோம் என்று மெங்கிஸ்து அமெரிக்கத் தூதரிடம் முன்பே வாக்குக் கொடுத்திருந்தார், சோவியத்தும் அதையே சொல்லியிருந்தது. ராணுவத் தலையீட்டில் இந்த இடத்தைப் பலர் கவனிப்பதில்லை. கோட்டைத் தாண்டி மொகடிஷு நோக்கிப் போயிருந்தால் சவுதி, எகிப்து, ஈரான், அமெரிக்கா எல்லாம் உள்ளே வந்திருக்கும். நிற்க வேண்டிய இடம் தெரிந்ததால்தான் அது மலிவான வெற்றியாக முடிந்தது, இதே சோவியத் அடுத்த வருட டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் போனபோது அந்த நிதானம் எங்கே போனது என்று தெரியவில்லை.

வாஷிங்டனுக்குள் நடந்த சண்டை

கார்ட்டரின் பாதுகாப்பு ஆலோசகர் பிரெஜின்ஸ்கி, விமானம் தாங்கிக் கப்பலைச் சோமாலியக் கடற்பக்கம் அனுப்புவோம் என்றார். வெளியுறவுச் செயலர் வான்ஸ் எதிர்த்தார், பாதுகாப்புச் செயலர் பிரவுனும் ஒத்துக்கொள்ளவில்லை. அனுப்பி என்ன செய்வது? சோமாலியா தோற்கப்போகிறது, கப்பல் வேடிக்கை பார்த்தால் அமெரிக்கா தோற்றது போல ஆகிவிடும். வான்ஸ் சொன்னதுதான் சரி, கப்பல் போகவில்லை. ஆனால் நீண்ட காலத்தில் ஜெயித்தது பிரெஜின்ஸ்கியின் பார்வை. சோவியத்தோடு பேசிவந்த ஆயுதக் கட்டுப்பாட்டு உடன்பாடு ஒகாடன் மணலில் புதைந்து கிடக்கிறது என்று அவர் பின்னால் எழுதினார். உள்ளூர் எல்லைச் சண்டை ஒன்றை சோவியத் விரிவாக்கத்தின் ஒரு கண்ணியாகப் படித்தார்கள், பிறகு ஈரான் புரட்சி, ஆப்கானிஸ்தான், 1980 ஜனவரியில் வளைகுடாவைக் காப்போம் என்ற கார்ட்டர் கோட்பாடு, ஆகஸ்டில் பார்ரேயோடு பெர்பெராவுக்கான ஒப்பந்தம். சோவியத் போட்ட ஓடுபாதையில் அமெரிக்க விமானங்கள். 1977-ல் கொடுக்க மறுத்த நட்பை, அந்த ஆள் தோற்று, மக்கள் வெறுப்பைச் சம்பாதித்த பிறகு கொடுத்தார்கள். இந்த வழக்கில் அமெரிக்காவின் மிக மோசமான முடிவு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பில் யார் கட்டினார்கள்

மெங்கிஸ்து அந்தப் படையையும் ஆயுதத்தையும் அப்படியே எரித்ரியா பக்கம் திருப்பினார், அங்கே போர் இன்னும் பதின்மூன்று வருடம் நீண்டது. எரித்ரியாவில் போரிட கியூபர்கள் மறுத்துவிட்டார்கள், ஒரு காலத்தில் அவர்களே அந்தக் கிளர்ச்சியை ஆதரித்தவர்கள். ஒச்சோவா கியூபாவில் வீரர் பட்டம் பெற்றார், 1989-ல் போதைமருந்து வழக்கில் அதே அரசு அவரைச் சுட்டுக் கொன்றது.

சோமாலியாவுக்கு நேர்ந்ததை விவரிக்க இன்னொரு கட்டுரை வேண்டும். லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள், எண்ணிக்கையை அரசு கூட்டிச் சொன்னது, வந்த நிவாரணத்தில் ஆட்சியாளர்கள் பங்கு எடுத்தார்கள். தோற்ற அடுத்த மாதமே, 1978 ஏப்ரலில், ராணுவப் புரட்சி முயற்சி. அது தோற்றது, தப்பித்த அதிகாரிகள் எத்தியோப்பியாவுக்குப் போய் மெங்கிஸ்துவின் ஆதரவில் எதிர்ப்பு இயக்கம் கட்டினார்கள். வடக்கே ஐசாக் குலத்தினரின் சோமாலி தேசிய இயக்கமும் அப்படியே எத்தியோப்பிய மண்ணில் தளம் அமைத்தது. 1988-ல் பார்ரேயும் மெங்கிஸ்துவும் சமாதானம் செய்துகொண்டார்கள், அடுத்தவன் நாட்டுக் கிளர்ச்சியாளருக்கு இடம் கொடுப்பதில்லை என்று. தளம் போகப்போகிறது என்று தெரிந்த தேசிய இயக்கம் மே மாதம் வடக்கே பாய்ந்தது. பதிலுக்கு பார்ரேயின் விமானங்கள் ஹர்கெய்சா நகரத்தின் சொந்த விமான நிலையத்திலிருந்து கிளம்பி அதே நகரத்தின் மேல் குண்டு போட்டன. ஒகாடனைப் பிடிக்க வாங்கிய விமானப்படை கடைசியில் செய்த பெரிய வேலை அது.

1991 ஜனவரியில் பார்ரே மொகடிஷுவை விட்டு ஓடினார், மே மாதம் மெங்கிஸ்து ஜிம்பாப்வேக்கு ஓடினார். சோவியத் ஒன்றியமே அந்த வருடக் கடைசியில் இல்லை. மே 18-ல் வடக்குப் பகுதி சோமாலிலாந்து என்று தனியாகப் பிரிந்ததாக அறிவித்தது.

இந்த வழக்கை இன்றைக்குப் படிக்க ஒரு காரணம் உண்டு. எரித்ரியா பிரிந்ததால் கடற்கரை இழந்த எத்தியோப்பியா, 2024 ஜனவரி 1-ல் சோமாலிலாந்தோடு கடல் வழிக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. சோமாலியா கொதித்தது, அந்த ஆண்டு ஆகஸ்டில் எகிப்தோடு ராணுவ ஒப்பந்தம் செய்தது, எகிப்துக்கோ நைல் அணை விவகாரத்தில் எத்தியோப்பியாவோடு சொந்தக் கணக்கு இருக்கிறது. டிசம்பரில் துருக்கி இரு தரப்பையும் அங்காராவில் உட்கார வைத்துத் தணித்தது, துருக்கிக்கு மொகடிஷுவில் தன் ராணுவப் பயிற்சித் தளம் இருக்கிறது. பெர்பெரா துறைமுகத்தை நடத்துவது துபாய் நிறுவனம். அகன்ற மேய்ச்சல் நிலத்தில் ஒகாடன் சோமாலிகள் எத்தியோப்பியாவின் சோமாலி மாநிலத்தில்தான் இருக்கிறார்கள், மாநிலத் தலைநகர் ஜிஜிகா.